பெயரில் மட்டும் மைல்

வேலை விஷயமாக அடிக்கடி பறக்கிறவன் நான். ஒரு விமான நிறுவனத்தின் மைலேஜ் திட்டத்தில், அதாவது பறக்கப் பறக்க 'மைல்' என்ற புள்ளிகளைச் சேர்த்து அதில் டிக்கெட் எடுக்கும் திட்டத்தில், சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சேர்வதற்குக் காசு வேண்டாம். புரிந்துகொள்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இப்படியொரு திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல் கொடுத்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைத்தான் பார்க்கின்றன. என் திட்டத்தில் டிக்கெட்டில் பொடியாக அச்சிட்ட ஓர் எழுத்து, அதாவது புக்கிங் வகுப்பு, எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பக்கத்து சீட்காரருக்கு முழு மைல். சலுகை டிக்கெட்டில் ஏறிய எனக்குக் கால்வாசி. இருவருக்கும் முட்டி இடித்தது ஒரே மாதிரிதான்!

மைலிலும் இரண்டு கணக்கு. ஒன்று செலவழிக்க, மற்றது கோல்டு மாதிரி உயர் உறுப்பினர் அந்தஸ்து பெற. கிரெடிட் கார்டில் சேர்ந்ததெல்லாம் முதல் கணக்குக்கே போகிறது. இது தெரியாமல் ஒரு வருஷம் கோல்டு கார்டுக்காகக் காத்திருந்தேன்.

'இலவச' டிக்கெட்டும் எடுத்தேன். வரியும் எரிபொருள் கட்டணமும் கையிலிருந்துதான் போயின. ஆனாலும் கடைசி நேரத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது எடுத்ததால் லாபமே.

கூட்டணி நிறுவன விமானத்தில் போன ஒரு பயணம் கணக்கில் ஏறவே இல்லை. போர்டிங் பாஸ் துண்டு பையில் கிடந்ததால் பிழைத்தேன். படமெடுத்து அனுப்பினேன், ஐந்து வாரம் கழித்து மைல் வந்தது. அதிலிருந்து துண்டைத் தூக்கிப் போடுவதில்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அந்த மூன்றில் ஒன்று விமான நிலைய லவுஞ்சின் சாய்வு நாற்காலிக்கு.