இலவச விபிஎன் போட்டிருப்பவர்கள் கவனத்துக்கு: உங்கள் இணைப்பு வாடகைக்குப் போயிருக்கலாம்

புனைபெயரில் எழுதுகிறவர்கள், முடக்கப்பட்ட செய்தித் தளங்களை எட்டிப் பார்க்க விபிஎன் போட்டிருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விபிஎன் என்பது நம் இணையப் பயன்பாட்டை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிட்டு, நாம் யார் என்பதை மறைக்க உதவும் செயலி. நான் பயன்படுத்திய இலவச விபிஎன் ஒன்று, என்னை மறைத்து வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே என் இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது.

முதலில் தெரிந்தது சின்ன விஷயம்தான். விபிஎன்னை அணைத்துவிட்டுச் சாதாரணமாக எந்தத் தளத்துக்குப் போனாலும், நீ ரோபோ இல்லை என்று நிரூபி என்று படக்கட்டங்கள் வந்து நிற்கும். போக்குவரத்து விளக்கைத் தொடு, பேருந்தைத் தொடு, மறுபடியும் விளக்கைத் தொடு. எரிச்சலாக இருந்ததே தவிர சந்தேகம் வரவில்லை. அப்புறம் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல்: உங்கள் இணைப்பிலிருந்து சில தளங்களில் பிறர் கணக்குகளுக்குள் நுழைய முயற்சிகள் நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது, தொடர்ந்தால் துண்டிப்போம். அந்தத் தளங்களின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் என்ற பத்தியைச் சொடுக்கி, அதிகம் பயன்படுத்துவது மேலே வரும்படி வைத்துப் பார்த்தேன். உலாவி மூடியிருக்கிறது, எதுவும் பதிவிறங்கவில்லை, விபிஎன்னும் அணைந்தே இருக்கிறது. ஆனாலும் அதே விபிஎன் பெயரில் 'அப்டேட் சர்வீஸ்' என்று ஒன்று நிற்காமல் தரவை அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருந்தது. செயலியை நீக்கினேன், இது மட்டும் போகவில்லை. கணினியை மறுபடி இயக்கினால் கூடவே எழுந்து வந்தது. சர்வீஸ் பட்டியலில் தேடிப் பிடித்து நிறுத்தி, கோப்புறையையும் அழித்த பிறகுதான் ஓய்ந்தது. படக்கட்டத் தொல்லை மட்டும், இணையத்தில் என் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை மாற்றித் தரச் சொல்லி வாங்கும்வரை தொடர்ந்தது.

அந்தச் செயலியின் விதிமுறைப் பக்கத்தை அடி வரைக்கும் படித்தேன். சேவையை இலவசமாகத் தருவதற்கு ஈடாக, சாதனம் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் 'வளங்களை' அவர்களுடைய கூட்டாளிகள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அதாவது, காசு கொடுக்கிற எவரும் என் ஐபி முகவரியைப் போர்த்திக்கொண்டு இணையத்தில் எதையும் செய்யலாம். புகாரில் சொன்ன நாட்களில் என் இணைப்பைப் பயன்படுத்தியது யார் என்று எழுதிக் கேட்டேன். வந்த பதில்: நாங்கள் பதிவுகள் வைப்பதில்லை, பயனர்களின் அந்தரங்கமே எங்களுக்கு முக்கியம். யாருடைய அந்தரங்கம் என்பது அப்போதுதான் புரிந்தது.

இது ஏதோ ஒரு செயலியின் தனிக் குறும்பு இல்லை. நிறுவனங்களின் சர்வர்கள் இருக்கும் தரவு மையங்களின் ஐபி முகவரிகளைப் பல தளங்கள் உடனே அடையாளம் கண்டு தடுத்துவிடும்; வீட்டு இணைப்பின் முகவரி என்றால் சாதாரண மனிதர் வருகிறார் என்று உள்ளே விட்டுவிடும். அதனால் வீட்டு முகவரிகளுக்குத் தனிச் சந்தை இருக்கிறது, அதை வீட்டு ப்ராக்ஸி என்பார்கள். ஹோலா என்ற இலவச விபிஎன் தன் பயனர்களின் இணைப்பை லுமினாட்டி என்ற சேவை வழியாக விற்றுவந்தது 2015இலேயே வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. அது பரவிய வழிகளில் முக்கியமானது மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷீல்டுவிபிஎன் போன்ற இலவச விபிஎன்கள். பெயர்தான் வேறு வேறு, பின்னால் இருந்தது ஒன்றே. நான் மாட்டிய செயலியின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு இன்னொரு பெயரில் அதையே நிறுவிக்கொள்வீர்கள்.

எனக்கு இதில் பெரிய பயம் வேறு. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்டு எழுதுகிறவரின் இணைப்பிலிருந்து யாரோ மோசடி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிக் கணினியையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு போக அந்த ஒரு புகார் போதும். எழுத்துக்காக எடுத்தோம் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. கைபேசியில் அவரோடு பேசியவர்கள், அவருக்குத் தகவல் தந்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள்.

இணைப்பை விற்காதவை தரவை எடுத்துக்கொள்ளலாம். ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்புத் தரும் விபிஎன் என்று விளம்பரம் செய்துகொண்டு, யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதைத் திரட்டியது. அதைச் சரியாகத் தெரிவிக்காததற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. காசு கொடுத்தால் மட்டும் யோக்கியம் வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள்.

சரி, என்ன பார்க்க வேண்டும்? நடத்துவது யார், வருமானம் எங்கிருந்து, வெளியார் தணிக்கை அறிக்கை உண்டா, நெருக்கடி வந்தபோது என்ன நடந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் என் கணக்கில் மதிப்பெண் அதிகம். 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்தது, எடுத்துப் போக வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாமல் திரும்பியது என்று அந்த நிறுவனம் வெளிப்படையாக எழுதியது. விளம்பரத்தில் இருக்கும் பூட்டுப் படத்தைவிட இப்படி ஒரு வரலாறு மேல்.

அடையாளத்தை மறைப்பதுதான் நோக்கம் என்றால் விபிஎன்னைவிட டார் உலாவி பொருத்தம். இலவசம்தான், ஆனால் லாப நோக்கமற்ற அமைப்பு உருவாக்குவது. உங்கள் இணையப் போக்குவரத்து மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால், நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் அவற்றில் எந்த ஒன்றுக்கும் சேர்ந்து தெரியாது. மெதுவாகத்தான் இருக்கும். அதில் உங்கள் சொந்தப் பெயர்க் கணக்கில் நுழைந்தால் எல்லாம் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்கெனவே மாட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், கோபத்தில் உடனே அழித்துவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜர் திரை, விதிமுறைப் பக்கம், சர்வீஸின் பெயர், எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். இணையச் சேவை நிறுவனத்துக்கு நடந்ததை எழுத்தில் தெரிவியுங்கள், தொலைபேசியில் சொன்னால் சொன்னதற்கு அடையாளமே இருக்காது. எனக்கு அந்தப் படங்களை இணைத்து அனுப்பிய பிறகுதான் புகாரை மூடினார்கள்.