உடை மர நாற்று: பையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

ராமநாதபுரம் கடலோரச் சாலை நர்சரி ஒன்றில் உடை மர நாற்று பை 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மரத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். நர்சரிக்குப் பாதிதான்.

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை, உப்புக்காற்றடிக்கும் வெறும் மணலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே குடை விரித்து நிற்கிற மரம் இது. அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும். கிளை வேலிக்கு, கட்டை அடுப்புக்கு. தொரட்டியால் உலுக்கினால் உதிரும் சுருட்டை நெற்றுக்கு வெள்ளாடு ஓடி வரும்.

நர்சரியில் முதல் குறை, கலப்படம். பத்துப் பையில் இரண்டு சீமைக்கருவேலம். காசு கொடுத்து அதை வாங்குவதுபோல் கொடுமை உண்டா? இலையைப் பாருங்கள்: உடைக்கு எள்ளளவு துணுக்குகள், நெருக்கமாக இருக்கும். சீமைக்கருவேலத்துக்கு விரல்நக நீளம். முள்ளும் காட்டிக்கொடுக்கும்: உடையில் நீண்ட வெள்ளை ஊசிமுள்ளோடு கொக்கிபோல் வளைந்த குட்டை முள்ளும் கலந்திருக்கும்.

அடுத்தது வேர். பையிலேயே பல மாதம் கிடந்த நாற்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு, ஓட்டை வழியே தரைக்குள் இறங்கிவிடும். தூக்கும்போது 'பட்'டென்று அறுந்தால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடுங்கள். ஆணிவேர் போன கன்று ஐப்பசி மழையில் தளதளவென்றுதான் நிற்கும். பங்குனியில் ஈரத்தைத் துரத்திக் கீழே போக முடியாமல் காயும். பை மண்ணும் சரியில்லை. முழுக்கக் கரம்பைக் களிமண், காய்ந்தால் கல். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய ஆட்டு எரு போதும்.

நாமே முளைக்க வைப்பது இதைவிட எளிது. கிடையில் ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும், அப்படியே ஊன்றலாம். நெற்றை உடைத்து எடுத்த விதையென்றால், கொதித்த நீரை இறக்கிவைத்து அதில் போட்டு, ஓர் இரவு ஆறவிடுங்கள். அடுப்பிலேயே விட்டால் விதை வெந்துவிடும். உப்பியதை மட்டும் ஊன்றி, உப்பாததற்கு மறுபடி வெந்நீர்.

மழை ஈரம் மண்ணில் ஒரு முழம் இறங்கியதும் ஒன்றரை அடிக் குழி, 15 அடி இடைவெளி. முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் உடை முள்ளையே வெட்டிச் சுற்றிப் போடுங்கள். வாசலோரம் மட்டும் வேண்டாம், சைக்கிள் டியூப் தாங்காது.