'மறதி நோய்ப் பராமரிப்பு' என்ற பலகையை நம்பி முன்பணம் கட்டும் முன்

நீலகிரியில் மறதி நோய் வந்த பெற்றோரை ஏதேனும் இல்லத்தில் சேர்க்க எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

என் அம்மாவுக்கு 76 வயது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கோத்தகிரிப் பக்கத்து டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் ஓய்வுபெறும் வரை கொழுந்து எடுத்தவர். அவரிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவர்கள் பிள்ளைகளாகிய நாங்கள் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண்தான். போன மாத மாத்திரை டப்பாவில் அப்படியே இருப்பதையும், மாத்திரை கொண்டுவரும் தன்னையே தோட்ட மேற்பார்வையாளர் வீட்டுப் பெண் என்று நினைத்து அம்மா "கங்காணி வீட்டுப் புள்ள" என்று அழைப்பதையும் கவனித்துச் சொன்னார். வயதானால் மறதி வரத்தானே செய்யும் என்று நாங்கள் ஒன்றரை ஆண்டைக் கடத்தினோம். மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்ன பேசுவார்களோ என்ற அண்ணனின் கூச்சமும் அதற்கு ஒரு காரணம்.

கடைசியில் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்து, மருத்துவரின் அறைக்குள் நுழைந்தபோது அம்மாவுக்குத் தன் பெயரே வரவில்லை. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும் இதே போன்ற மறதியை உண்டாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும், பிறகு ஸ்கேனும் எடுத்து, அல்சைமர் என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது, மலையில் யாரை அணுகுவது என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் மருந்துக்கடை மேசையில் கிடந்த அந்த இல்லத்தின் துண்டறிக்கை எங்கள் கையில் சிக்கியது.

முன்பணம் 50,000 ரூபாய், மாதம் 22,000 ரூபாய். முன்பணத்துக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்ததை நான் அன்று கவனிக்கவில்லை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற விதியை ஒழுங்கு என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல!

பத்தொன்பதாம் நாள் சொல்லாமல் போனேன். அம்மாவின் இரு மணிக்கட்டுகளும் கட்டில் சட்டத்தோடு துண்டால் கட்டப்பட்டிருந்தன. நாக்கு குழற, கண் திறக்க முடியாமல் கிடந்தார். கேட்டதற்கு, "நாள் முழுக்கப் பெட்ஷீட்டைப் பிச்சுப் போடுறாங்க மேடம்" என்றார் மேலாளர். அம்மா பிய்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை இரு விரலால் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் கூடை இருப்பதாக நினைப்பு. வீட்டிலும் அதைத்தான் செய்வார். அதை மூர்க்கம் என்று எழுதி, மருந்துச்சீட்டே இல்லாமல் தூக்கம் தரும் மனநல மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகை மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிராபத்தையும் கூட்டக்கூடியவை என்று பிறகு அரசு மருத்துவமனை மருத்துவர் விளக்கினார். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வேறு.

அதன் பின்னரே சட்டத்தைப் படித்தேன். நினைவையும் பகுத்தறியும் திறனையும் கடுமையாகப் பாதிக்கும் நோய் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. அத்தகையோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்து, சான்றிதழை வருவோர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே ஒருவரைக் கட்டிவைக்கலாம். எங்களுக்குக் காட்டப்பட்டதோ ஒரு அறக்கட்டளையின் பதிவுப் பத்திரம். பச்சை முத்திரையைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிட்டோம்.

ஆகவே மனநல ஆணையப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள் (அங்கே பதினான்கு பேருக்கு ஒருவர்). எந்த மாத்திரை யார் எழுதியது என்று மருந்துச்சீட்டின் நகலைக் கேளுங்கள். சொல்லாமல் வரலாமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் திரும்பிவிடுங்கள்.

இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மருந்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்; எங்கள் கோவைப் பயணம் நின்றது. நள்ளிரவில் அம்மா வேலைக்குக் கிளம்பிய ஒரு நாள் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசி வழி சொன்னார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. பகலில் பக்கத்து லயத்து அக்கா சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறார். முருங்கைக் கீரையை முறத்தில் கொடுத்தால் அம்மா மணிக்கணக்கில் உருவிக்கொண்டிருக்கிறார்.

முன்பணம் இன்னும் வரவில்லை. "அட்வான்ஸ் கட்டினால்தான் கட்டில் ஒதுக்குவோம்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் 'நன்கொடை' ரசீதையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இதே போன்ற ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.