ஆறு வாரம் பூசிப் பார்த்த சிவப்பழகு கிரீம்

"சித்தி, பெண் பார்க்க வருவதற்குள் வெளுத்துவிடுவேனா?" என்று அக்காள் மகள் கேட்டதால், மயிலாடுதுறைக் கடையொன்றில் 50 கிராம் டியூப் ஒன்று வாங்கினேன். ஆறே வாரத்தில் நிறம் மாறும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது.

குறுவை நடவுக்குப் போய் வந்திருந்த அவள் கையில் அப்போது இரண்டு நிறங்கள் இருந்தன. முழங்கைக்குக் கீழே நன்றாகக் கறுத்திருந்தது. ரவிக்கை மறைத்த மேல்கை மாநிறமாக இருந்தது. ஆறு வாரம் பூசியபின் முகம் அந்த மேல்கை நிறத்தை நெருங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அதிலும் கிரீமின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வயல் வேலை ஓய்ந்து அவள் வீட்டில் இருந்த நாள்கள் அவை.

நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை மெலனின் என்னும் அந்த நிறமியை எவ்வளவு, எந்த வகையில், எத்தனை பெரிய பொதிகளாக அனுப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. இந்தக் கிரீமில் உள்ள நியாசினமைடு என்னும் பி3 வைட்டமின் வகை அப்பொதிகள் மேல்தோல் செல்களுக்குப் போவதைச் சற்றுக் குறைக்கும். பூசுவதை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். மரபணுவை அது தொடுவதே இல்லை.

வரிக்குதிரை மீனை ஆராய்ந்தவர்கள் 2005இல் தோல் நிறத்தில் எஸ்.எல்.சி.24ஏ5 என்னும் மரபணுவின் பங்கைக் கண்டறிந்தார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 111ஆம் இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின் என்னும் இன்னொன்று அமர்ந்தால் தோல் வெளிறுகிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லாரிடமும் உள்ள அந்த மாற்றம் இந்தியாவில் வடமேற்கில் மிகுந்தும் தெற்கே குறைந்தும் காணப்படுகிறது. இரண்டு இடத்திலும் அது ஒரே மூதாதையிடமிருந்து வந்ததென்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வீட்டில் அக்காள் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம் என்று பிறப்பது, இதுபோன்ற பல மரபணுக்களை ஆளுக்கொரு விதமாகப் பெறுவதால்தான். 11 பாகை வட அட்சத்தில், ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் காவிரிப் படுகையில், கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய ஃபோலேட் என்னும் வைட்டமினைப் புற ஊதாக் கதிர் சிதைக்காமல் காப்பது கறுத்த தோல்தான் என்பது ஆய்வாளர்கள் ஜப்லான்ஸ்கியும் சாப்ளினும் 2000இல் முன்வைத்த விளக்கம். அந்தக் கறுப்பைக் குறையென்று அட்டையில் அச்சிட்டு விற்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

வாசனை மிகுதி; வியர்த்தால் வழிகிறது. வெயிலைத் தடுக்கும் அளவான எஸ்.பி.எஃப். எண் எங்கும் இல்லை. பாதி டியூப் மீதமிருக்கிறது, இனி வாங்கமாட்டேன். சம்பா நடவுக்கு எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்; புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள அவள் அண்ணனின் முழுக்கைச் சட்டையும் எடுத்து வைத்தாயிற்று.