சராசரியை நீட்டுவதா, தலைமுறையைப் பின்தொடர்வதா?

2050இல் உலக மக்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்பதைக் கணிக்க இரண்டு வழிகளை ஒப்பிடலாம். வயதுவந்தோரின் சராசரிப் பள்ளியாண்டுகள் இதுவரை உயர்ந்துவந்த போக்கை அப்படியே நீட்டிப் பார்ப்பது ஒன்று. ஆஸ்திரியாவிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனமான ஐஐஏஎஸ்ஏவும் வியன்னாவின் விட்கென்ஸ்டைன் மையமும் வளர்த்தெடுத்த, மக்களை வயது, பாலினம், கல்விநிலை வாரியாகப் பிரித்து ஐந்தைந்து ஆண்டுகளாக முன்னகர்த்தும் முறை மற்றொன்று. (ஐ.நா.வின் மக்கள்தொகைக் கணிப்பு வயதையும் பாலினத்தையும் மட்டுமே பிரிப்பதால் இப்போட்டியில் அதற்கு இடமில்லை.)

முதல் வழி எளிது. கொஞ்சம் தரவு இருந்தாலே போதும். ஆனால் சராசரி எதை மறைக்கிறது என்பதற்குத் தென்கொரியாவே சான்று. அங்கே 25 முதல் 34 வயதுடையோரில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் உயர்கல்வி முடித்தவர்கள்; அவர்களுடைய பாட்டிமார் தலைமுறையிலோ தொடக்கப்பள்ளியைத் தாண்டாதவர்கள் ஏராளம். அந்த மூத்த தலைமுறை மறைய மறைய, புதிதாக ஒரு வகுப்பறைகூடக் கட்டாமலேயே நாட்டின் சராசரி உயர்ந்துவிடும். அந்த உயர்வு எங்கிருந்து வந்தது, எப்போது நின்றுபோகும் என்பதை நீட்டப்பட்ட கோடு சொல்லாது.

இரண்டாவது வழியான வியன்னா முறையின் பலமே இங்குதான் இருக்கிறது. 2020இல் 30 வயதில் மேல்நிலைக் கல்வி முடித்திருந்த பெண், உயிரோடிருந்தால், 2050இல் 60 வயதிலும் குறைந்தது அதே கல்வியோடு இருப்பார். ஆகவே 2050க்கான விடையில் பெரும்பகுதி இன்று வாழ்பவர்களிடமே எழுதப்பட்டிருக்கிறது. தாயின் கல்விக்கேற்ப மாறும் குழந்தைப்பேறும் கணக்கில் சேர்கிறது. எத்தியோப்பியாவின் 2011ஆம் ஆண்டு ஆய்வில் பள்ளி செல்லாத பெண்களுக்குச் சராசரியாக ஆறுக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள். இடைநிலைக் கல்வி பெற்றவர்களுக்கு இரண்டுக்கும் குறைவு.

எனினும் 2050க்கு அப்பால் இம்முறையும் அனுமானத்தையே பெரிதும் நம்புகிறது. மக்கள்தொகை ஆய்வாளர்களான சமிர் கே.சி.யும் வொல்ஃப்காங் லூட்ஸும் 2017இல் வெளியிட்ட கணிப்பில், கல்வி வேகமாகப் பரவும் உலகில் 2100இன் மக்கள்தொகை ஏறத்தாழ 690 கோடி. பள்ளிச் சேர்க்கை விகிதம் அன்றைய அளவிலேயே தேங்கிவிடும் உலகில் ஏறத்தாழ 1,260 கோடி. குழந்தைப்பேறு, இறப்பு பற்றிய அனுமானங்களும் இவ்விரண்டுக்கும் வேறாகவே வைக்கப்பட்டிருப்பதால், இடைவெளி முழுவதையும் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதுவது தவறு.

2050 வரையிலான திட்டமிடலுக்கு நான் தயங்காமல் வியன்னா முறையையே எடுப்பேன். 2100க்கு அது தரும் எண்களைக் கணிப்பாக அல்ல, ‘இப்படி நடந்தால் இப்படி ஆகும்’ என்ற நிபந்தனைக் கூற்றாகவே படிப்பேன். ஆனால் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: படிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்பைத் தாண்டிய மாணவரும் நன்றாகக் கற்றுத் தாண்டிய மாணவரும் இரண்டு முறைகளிலும் ஒரே மாதிரிதான் எண்ணப்படுகிறார்கள்.