பழைய மாட்டுக் கொட்டகையில் கார் பட்டறை: குழியா, ராம்பா, ஸ்டாண்டா?

எங்கள் தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. 20 அடி நீளம், 14 அடி அகலம். மூன்று பக்கம் செங்கல் சுவர், கிழக்கே திறப்பு, மேலே பனங்கையும் ரீப்பரும் அடித்து வேய்ந்த சீமை ஓடு. மாடுகள் போன பிறகு தேங்காய் மட்டையும் உடைந்த சொட்டுநீர்க் குழாயும் குவிந்துகிடந்தன. வெளியே வேப்ப மரத்தடியில் அப்பா ஓட்டிய மாருதி 800, அடித்தகடு துருவேறி நின்றுகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பட்டறை. தொழிலுக்காக இல்லை, சொந்த வண்டியை, எப்போதாவது மாமாவின் அம்பாசிடரை, நானே பிரித்து மாட்டுவதற்கு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் காசு முதலில் தரைக்குப் போக வேண்டும், அப்புறம் கரண்டுக்கு. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்ட ஆசைப்படாதீர்கள், வாய்க்கால் பாசனப் பகுதியில் இருப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இருப்பதைத் திருத்துவதா, இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடுவதா என்ற கேள்வி. இரும்புக் குழாய் நட்டு கலர் ஷீட் போட எங்கள் பக்கம் சதுர அடிக்கு 200 முதல் 300 ரூபாய் வரை சொன்னார்கள். 280 சதுர அடிக்கு 56,000 முதல் 84,000 ரூபாய் ஆகிறது, அதில் தரையும் கிடையாது சுவரும் கிடையாது. புதுக் கொட்டகையில் கிடைக்கும் உண்மையான லாபம் உயரம் மட்டும்தான். 12 அடி தூக்கிக் கட்டினால் பின்னாளில் இரண்டு தூண் லிஃப்ட் வைக்கலாம். ஆனால் அந்த லிஃப்ட் ஒன்றே லட்சத்தைத் தாண்டும், சொந்த வண்டி ஒன்றுக்காக அதை வாங்குகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது. 800-இன் உயரம் நாலரை அடிக்குச் சற்று மேல், எங்கள் கொட்டகை வாசல் ஆறரை அடி, உள்ளே நடுவில் பத்தடி. போதும்.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல் மதியத்தில் ஷீட்டுக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அப்படியே ஓட்டுக் கொட்டகைக்குள் வந்து நில்லுங்கள், வித்தியாசம் உடம்புக்கே தெரியும். ஓட்டின் இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும், ஷீட்டில் அப்படிப் போக வழி இல்லை. ஒழுகும் ஓடுகளை மாற்றி, நாலைந்து இடத்தில் கண்ணாடி ஓடு செருகினால் பகலில் விளக்கே வேண்டாம். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் இன்னும் கூடும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை வைத்திருப்பவர்கள் அதில் துளை போடுவதையும் அறுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

எப்போது இடிக்கத்தான் வேண்டும்? பனங்கையில் திருப்புளியைக் குத்திப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் கரையான் உள்ளே குடியேறி வெகுநாள் ஆகிவிட்டது. சுவர் தூக்குக் குண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டாமல் காசு போடக் கூடாது. எங்களுடையதில் ஓரமாக இரண்டு கைமரம் மட்டும்தான் போயிருந்தது. மரம் நன்றாக இருந்தாலும் அதில் செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சின் தூக்காதீர்கள். ஓட்டின் பாரத்துக்காகப் போட்ட மரம் அது. இரும்புக் குழாயில் தனியாக ஒரு முக்காலி அடித்துக்கொள்ளலாம்.

இனி தரை. மாட்டுக் கொட்டகைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. பல வருடம் கோமியம் இறங்கிய மண்ணில் உப்பு தங்கியிருக்கும். அதன் மேலேயே சிமெண்டு போட்டால் ஓதம் ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மேல்தளம் உதிர ஆரம்பிக்கும். நான் முதலில் ஒரு மூலையில் மட்டும் சோதனையாக அப்படியே பூசிப் பார்த்தேன், ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. அதனால் முக்கால் அடி மண்ணை வெட்டி வெளியே எடுத்து (தென்னைக்கு நல்ல உரம், வீணாகாது), கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே கனமான பாலிதீன் தாள் விரித்து, அதற்கப்புறம்தான் காங்கிரீட்.

பேவர் பிளாக் போடலாமே என்று பலர் சொன்னார்கள். காங்கிரீட் காய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதும், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பதும் சரிதான். ஆனால் தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் நாலு சின்னக் கால்கள் வண்டியின் பாரத்தை ஒரே இடத்தில் இறக்கும்போது கல் அமுங்கும், அதுவும் நாலு மூலையிலும் ஒரே அளவாக அமுங்காது. அடியில் படுத்திருப்பவருக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடப்பா கல் பார்க்கச் சுத்தமாக இருக்கும், எண்ணெய் ஊறினாலும் துடைத்துவிடலாம், ஆனால் கல்லுக்கடியில் எங்காவது பொள்ளலாக இருந்தால் ஜாக்கி வைத்ததும் படக்கென்று விரியும். ஆகவே காங்கிரீட்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். 280 சதுர அடிக்கு 4 அங்குலக் கனம் என்றால் 93 கன அடி. எம் 20 கலவை, அதாவது சிமெண்டு, மணல், ஜல்லி 1-க்கு ஒன்றரைக்கு 3, போட ஏறக்குறைய 21 மூட்டை சிமெண்டு, ஜல்லி முக்கால் யூனிட்டுக்கு மேல் (யூனிட் என்றால் 100 கன அடி), எம்-சாண்ட் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 1-க்கு 2-க்கு 4 என்று இறக்கினால் நாலு மூட்டை மிச்சமாகும், மூட்டை 400 ரூபாய் என்று வைத்தால் 1,600 ரூபாய். அந்த 1,600-க்காகத் தரையைப் பலவீனமாக்குவது நியாயமே இல்லை. அம்பாசிடர் போல ஆயிரம் கிலோவுக்கு மேல் உள்ள வண்டி அடிக்கடி ஏறும் என்றால், சக்கரம் வரும் இரண்டு பட்டையை மட்டும் 6 அங்குலமாக்குங்கள்.

வாட்டத்தைப் பற்றி மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். தண்ணீர் ஓட வேண்டுமென்று அவர் தன் வழக்கப்படி எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்துவிடுவார். கார் நிற்கும் இடம் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும், வாசலை ஒட்டிய மூன்றடிக்கு மட்டும் வாட்டம் கொடுத்தால் போதும். ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், முழு உறுதி வர 28 நாள் ஆகும், அதுவரை வண்டியை ஏற்ற வேண்டாம்.

வண்டிக்கு அடியில் எப்படிப் போவது என்பதுதான் பெரிய விஷயம். ஊரில் வெகுநாளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர், "ஏனுங்க தம்பி, குழி இல்லாம கியர்பாக்ஸை எப்படிங்க எறக்குவீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. குழியில் நின்றுகொண்டு வேலை செய்யலாம், கழுத்து வலிக்காது, ஒருமுறை கட்டினால் அப்புறம் செலவில்லை. 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலரை அடி ஆழம் என்பது வசதியான அளவு. 800-இன் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ளளவு ஏறக்குறைய மூன்றரை அடி, அதனால் இரண்டரை அடிக் குழிக்கு இரண்டு பக்கமும் அரை அடிதான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற முடியாது, ஓரத்தில் இரும்புக் கோணம் பதிக்க வேண்டும்.

ஆனால் எங்கள் தோட்டம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறு தானாக ஏறும். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடக் கூடாது என்று விவசாயிகள் போராடியதும் அந்தக் கசிவு நீருக்காகத்தான். அப்படிப்பட்ட மண்ணில் நாலரை அடிக் குழி வெட்டினால், எத்தனை பூச்சு பூசினாலும் வருடத்தில் சில மாதம் தொட்டியாகத்தான் இருக்கும். மேட்டாங்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

அவர்களுக்கும் நான் குழியைச் சொல்ல மாட்டேன், காரணம் பெட்ரோல் ஆவி. காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது அது, கொட்டிய இடத்திலிருந்து தரையோடு நகர்ந்து குழிக்குள் இறங்கித் தங்கும். கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் சமையல் எரிவாயுவும் அப்படியேதான். எஞ்சினை ஓடவிட்டால் வரும் புகையும் காற்றோட்டமில்லாத குழிக்குள் சேரும், அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கிணற்றில் தூர் வார இறங்குமுன் நம் பெரியவர்கள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தில் யாராவது கார் குழிக்குள் விளக்கை இறக்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். பல்பு உடைந்தாலும், சுவிட்சில் பொறி வந்தாலும் அதே கதிதான். பெரிய பட்டறையில் காற்றை உறிஞ்சும் ஃபேன் வைத்து, ஆள் துணையோடு வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை செய்யும் நமக்கு அது பொருந்தாது.

ராம்பு என்று நான் சொல்வது கடையில் விற்கும் அரையடி உயரத் தகர ராம்பு இல்லை. பழைய வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், கருங்கல் வைத்துக் கட்டிய இரண்டு நீளத் திண்டு, வண்டி அதில் ஏறி நிற்கும், அடியில் ஆள் குனிந்து போவார். இடம் இருக்கிற தோட்டக்காரருக்குக் குழியைவிட இது எவ்வளவோ மேல். ஆவி தங்காது, தண்ணீர் நிற்காது, வெளிச்சம் தானாக வரும். மூன்றடி உயரத்துக்கு 12 அடி ஏற்றமும் 10 அடி சமதளமுமாக 22 அடி நீளம் வேண்டும். திண்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 800 என்றால் 4 அடி, அம்பாசிடர் என்றால் இன்னும் அரையடி கூடும், அதனால் திண்டை ஒன்றே முக்கால் அடி அகலத்துக்குக் கட்டினால் இரண்டும் ஏறும். முன்முனையில் சக்கரம் தடுக்க அரையடிச் சுவர் கட்டாயம். குறை என்னவென்றால், சக்கரம் திண்டின் மேல் நிற்கிறது. ஆயில் மாற்றலாம், சைலன்சர் மாற்றலாம், துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம், பிரேக் வேலையும் ஷாக் அப்சார்பர் வேலையும் செய்ய முடியாது. மழையில் எதுவுமே முடியாது.

அதனால்தான் ஸ்டாண்டு. 3 டன் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரண்டு ஜோடியும் ஒரு டிராலி ஜாக்கியும் வாங்கினால் குழி கட்டும் கூலியைவிடக் குறைவு, வேலை முடிந்ததும் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நெல் மூட்டைகூட அடுக்கலாம். 800 ஏறக்குறைய 650 கிலோதான், முன்பக்கத்தை ஒன்றரை அடி தூக்கி நிறுத்தினால் கியர்பாக்ஸை இறக்கி வெளியே இழுத்துவிட முடிகிறது. மெக்கானிக் அண்ணனிடம் அதைக் காட்டினேன், பார்த்துவிட்டு முதுகு வலிக்குமே என்று மட்டும் சொன்னார். உண்மை, வலிக்கும். சக்கரம் வைத்த படுக்கைப் பலகை ஒன்று அடித்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு கொடுக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு வைத்த பிறகும், கழற்றிய சக்கரங்களை அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்கப் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டு சரிந்தாலும் உயிர் தப்ப இடம் இருக்கும்.

கரண்டில் தோட்டக்காரர்களுக்கு ஒரு ஆசை வரும். பம்பு செட்டு பக்கத்திலேயே இருக்கிறது, மூன்று பேஸும் வருகிறது, இலவசம் வேறு. அதிலிருந்து வெல்டிங்குக்கு ஒரு வயர் இழுத்தால் என்ன? விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறு வேலைக்கு எடுத்தால் அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து, பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் போகும். வீட்டு இணைப்பிலிருந்து தனி வயர் கொண்டுவருவதுதான் சரி. எங்களுக்கு 30 மீட்டர் தூரம். 16 ஆம்பியர் இழுக்கும்போது 1 சதுர மில்லி வயரில் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும், வயரும் சூடாகும், 4 சதுர மில்லியில் நாலைந்து வோல்ட்தான் குறையும். ஏற்கெனவே சாயந்திரம் வோல்டேஜ் படுத்துவிடும் ஊரில் இந்த வித்தியாசம் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும். கரண்டு கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, கொட்டகைக்கென்று தனி எர்த், இரண்டையும் விடாதீர்கள். ஈரத் தரையில் இரும்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறோம். வயரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள், பழைய கொட்டகையில் எலி இல்லாமல் இருக்காது.

விளக்கை மேலே மட்டும் மாட்டினால் வண்டியின் நிழல் வேலை செய்யும் இடத்திலேயே விழுகிறது. நான் 20 வாட் எல்இடி பட்டை இரண்டை மேலேயும், இரண்டைச் சுவரில் இரண்டடி உயரத்திலும் மாட்டியிருக்கிறேன்.

கதவு இன்னும் போடவில்லை. ஷட்டருக்குச் சொன்ன விலையில் இரண்டு கதவு அடிக்கலாம், தவிர ஷட்டர் சுருளுக்கு ஓர் அடி உயரம் போய்விடும், ஆறரை அடி வாசலில் அதைக் கொடுக்க முடியாது. இரும்புச் சட்டத்தில் தகடு அடித்த இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, தை கழிந்ததும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.