ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம்: போரைப் படிப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்

நவீனப் போரைப் பாடமாகப் படிப்பவர்கள் ஆயுதத்தின் ஆற்றலையும் அதை ஏவியவர்களின் கணக்கையுமே முதலில் கற்கிறார்கள். 1955இல் திறக்கப்பட்டு, முதன்மைக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2019இல் மீண்டும் திறந்த இந்த அருங்காட்சியகம், ஆயுதம் விழுந்த இடத்தில் இருந்தவர்களை முன்னிறுத்துகிறது.

தீ பரவாமல் தடுக்கும் திறந்த வெளிகளுக்காக வீடுகளை இடிக்கும் வேலைக்கு, அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை அனுப்பப்பட்டிருந்த பள்ளி மாணவர்களின் கிழிந்து கருகிய உடைகள் இங்கே உள்ளன. அவர்களுள் ஒருவனுடைய மதிய உணவுப் பெட்டியில் உணவு கரியாகி உறைந்திருக்கிறது. மகனின் உடலுக்கு அடியிலிருந்து தாய் கண்டெடுத்த பெட்டி அது. 1945ஆம் ஆண்டின் இறுதிக்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீட்டைப் பலமுறை படித்திருந்தும், அதன் கனத்தை அந்தப் பெட்டியின் முன்னால்தான் உணர்ந்தேன்.

தோல் உரிந்து தொங்க நடந்து வரும் மனித உருவப் பொம்மைகள் இங்கே நெடுங்காலம் இருந்தன. கொடுமையின் அளவு மறைந்துவிடும் என்று பலர் எதிர்த்தபோதிலும், 2017இல் அவற்றை அகற்றிவிட்டார்கள். இறந்தவர்களின் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்காமல், அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களையும் உயிர் பிழைத்தவர்கள் வரைந்த ஓவியங்களையும் நம்பிய அந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

குறை ஒன்று உண்டு. 1894இல் சீனாவுடனான போரின்போது ஜப்பானியப் பேரரசரின் போர்த் தலைமையகமே இந்நகரில் இருந்தது. 1945இல் தென்மேற்கு ஜப்பானின் பாதுகாப்புக்குப் பொறுப்பான படைத் தலைமையகமும் இங்கேதான் இருந்தது. இந்த வரலாறும், ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியர்கள் குண்டுவீச்சில் பெருந்தொகையாக இறந்ததும் கிழக்குக் கட்டடத்தில் இடம்பெற்றாலும், முதன்மைக் கட்டடத்தின் தாக்கத்தோடு ஒப்பிட்டால் மிகவும் மெலிந்தே இருக்கின்றன. கொல்லப்பட்டவர்கள் மீதான இரக்கம் இந்த வரலாற்றால் சற்றும் குறையாது. ஆகவே அதற்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். கொரியர்களுக்கான நினைவுச்சின்னம்கூட 1970இல், அருங்காட்சியகம் அமைந்துள்ள அமைதி நினைவுப் பூங்காவுக்கு வெளியேதான் எழுப்பப்பட்டது. 1999இல்தான் உள்ளே கொண்டுவரப்பட்டது.

நுழைவுக்கட்டணம் நான் சென்றபோது 200 யென். நெரிசல் மிகுதி என்பதால் காலையிலேயே செல்வது நல்லது. இல்லையென்றால் விளக்கப் பலகைகளை நின்று படிக்க முடியாது. ஒலி வழிகாட்டியைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். முதன்மைக் கட்டடத்தைப் பார்த்த சோர்வில் பலர் கிழக்குக் கட்டடத்தின் வரலாற்றுப் பகுதியை வேகமாகக் கடந்து வெளியேறுகிறார்கள். போரைப் படிக்க வருபவர்கள் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.